கடலில் ஒரு கருப்புத் திட்டு: ரேடார் படத்தில் எண்ணெய்க் கசிவைத் தேடுவது எப்படி

கடலில் எண்ணெய் கொட்டியிருக்கிறதா என்று பார்க்க கப்பலோ விமானமோ வேண்டியதில்லை. இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் படம், எட்டு ஜிபி நினைவகம் உள்ள ஒரு லேப்டாப், ஒரு மாலைப் பொழுது இருந்தால் போதும். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் எண்ணெயைக் கண்டுபிடிப்பது சின்னப் பங்குதான். எண்ணெய் அல்லாததை எண்ணெய் என்று அறிவித்துவிடாமல் இருப்பதற்குத்தான் நேரம் பிடிக்கும். வாட்ஸ்அப்பில் சுற்றும் "பாருங்கள், கடல் முழுக்க எண்ணெய்" படங்களில் பல, காற்று ஓய்ந்த கடலின் படங்கள்.

ரேடார் எதைப் பார்க்கிறது

2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கன்டெய்னர் கப்பல் மூழ்கியது. அதற்கு முந்தைய நாள்தான் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியிருந்தது. மேலே மேகம், கீழே மழை. சாதாரண கேமரா வகைச் செயற்கைக்கோள் அந்த நேரத்தில் வெள்ளைப் போர்வையைத்தான் படம் பிடிக்கும். ரேடாருக்கு மேகமும் இரவும் பொருட்டே இல்லை. அதனால் எண்ணெய்க் கசிவு என்றால் முதலில் ரேடார் படத்தைத்தான் தேட வேண்டும்.

நமக்கு எளிதில் கிடைப்பது ஐரோப்பாவின் சென்டினல்-1 ரேடார் செயற்கைக்கோளின் படம். இதன் ரேடார் அலைநீளம் சுமார் 5.6 செ.மீ. அலை சாய்வாகக் கடலில் விழுகிறது. தண்ணீர் கண்ணாடிபோல் இருந்தால் அலை அப்படியே எதிர்ப்பக்கம் எகிறிப் போய்விடும்; செயற்கைக்கோளுக்கு எதுவும் திரும்பி வராது. காற்று வீசி நீரின் மேல் 4 முதல் 6 செ.மீ. நீளமுள்ள சிற்றலைகள் எழும்பினால், அவை கொஞ்சம் ஆற்றலைத் திருப்பி அனுப்பும். அதனால்தான் சாதாரணக் கடல் படத்தில் சாம்பல் நிறமாகத் தெரிகிறது. எண்ணெய்ப் படலம் அந்தச் சிற்றலைகளை அமுக்கிவிடும். அந்த இடம் கருப்பாகிவிடும்.

ஆக, ரேடார் எண்ணெயைப் பார்ப்பதில்லை. சிற்றலை இல்லாத இடத்தைத்தான் பார்க்கிறது. சிற்றலை இல்லாமல் போக எண்ணெய் ஒரு காரணம், அவ்வளவுதான். கீழே நான் சொல்லும் எல்லாச் சரிபார்ப்பும் இதிலிருந்து வருவதுதான்.

படத்தை எடுப்பது

சென்டினல் படங்களைத் தரும் காப்பர்நிக்கஸ் டேட்டா ஸ்பேஸ் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்குங்கள். அதன் பிரவுசரில் இடத்தைத் தேர்ந்தெடுத்து, சென்டினல்-1, ஐ.டபிள்யூ. முறை (அகலப் படம்), ஜி.ஆர்.டி. வகை (தரைத் தூரத்துக்கு மாற்றிய படம்) என்று குறிக்க வேண்டும். ஒரு படம் 250 கி.மீ. அகலம் கொண்டது, அதன் ஒரு புள்ளி (பிக்சல்) 10 மீட்டர். கசிவு இருக்கிறதா என்று மேலோட்டமாகப் பார்க்க எதையும் தரவிறக்க வேண்டாம். பிரவுசரிலேயே விவி டெசிபல் காட்சியைப் போட்டுப் பார்த்தால் போதும் (டெசிபல் என்பது திரும்பி வரும் சைகையின் வலுவைக் குறிக்கும் அளவு).

விவி, விஎச் என்று இரண்டு அடுக்குகள் இருக்கும். செங்குத்தாக அதிரும் அலையை அனுப்பி, செங்குத்தாகவே திரும்புவதைப் பிடித்தால் விவி; கிடையாகத் திரும்புவதைப் பிடித்தால் விஎச். எண்ணெய்க்கு விவி மட்டும்தான். விஎச் அடுக்கில் கடலிலிருந்து திரும்பும் சைகை மிகக் குறைவு. கருவியின் சொந்த இரைச்சலுக்குள்ளேயே மூழ்கிவிடும். ஆனால் அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கடல் இருண்டு கிடப்பதால் கப்பல்கள் விஎச்சில் பளிச்சென்று தெரியும். எண்ணெயை விவியில் தேடு, கப்பலை விஎச்சில் தேடு என்று என் மாணவர்களுக்குச் சொல்வேன்.

நம் கடற்கரைக்கு மேல் இந்தச் செயற்கைக்கோள் காலை ஆறு மணியை ஒட்டியோ மாலை ஆறு மணியை ஒட்டியோதான் வரும். கோப்பின் பெயரிலேயே படம் எடுத்த நேரம் இருக்கும், ஆனால் அது உலகப் பொது நேரம். ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். இதை மறந்தால் பிறகு கப்பல் தடத்தோடு ஒப்பிடும்போது எல்லாமே பிசகும்.

ஒரு செயற்கைக்கோள் அதே பாதைக்குத் திரும்ப 12 நாள் ஆகும். சென்டினல்-1ஏ 2014 ஏப்ரலில் ஏவப்பட்டது. 1பி 2021 டிசம்பரில் மின் கோளாறால் படுத்துவிட்டது. 1சி 2024 டிசம்பரில்தான் மேலே போனது. இடைப்பட்ட ஆண்டுகளில் படங்கள் குறைவாகவே கிடைக்கும். அந்தக் காலத்துக் கசிவு எதையாவது தேடிப் படம் இல்லையென்றால் உங்கள் தேடலில் தவறு இருக்காது. இன்னொன்று, கரையிலிருந்து வெகுதூரம் போய்விட்டால் நடுக்கடலில் இந்த அகலப் படமே எடுப்பதில்லை.

முதலில் தெரிந்த கசிவில் பழகுங்கள்

எடுத்தவுடனே நம்மூர்க் கடலில் கருப்புத் திட்டு தேடப் போகாதீர்கள். எண்ணெய் என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் கண்ணைப் பழக்க வேண்டும். நான் இரண்டு இடங்களைக் கொடுப்பேன்.

ஒன்று, கோர்சிகா தீவின் வட முனைக்கு அப்பால். 2018 அக்டோபர் 7 அன்று, நங்கூரம் போட்டு நின்றிருந்த சி.எஸ்.எல். வர்ஜீனியா என்ற கப்பலின் விலாவில் துனிசியாவின் உலிஸ் என்ற கப்பல் போய்ச் செருகிக்கொண்டது. எரிபொருள் தொட்டி கிழிந்தது. மறுநாள் சென்டினல்-1 எடுத்த படத்தில் சுமார் 20 கி.மீ. நீளத்துக்கு ஒரு கருப்புக் கோடு. கப்பல்கள் வெள்ளைப் புள்ளியாக இருக்கும், அங்கிருந்து கோடு கிளம்பும். அடுத்தடுத்த நாள் படங்களையும் எடுத்து, கோடு எப்படி வளைந்து, அறுந்து, விலகிப் போகிறது என்று பாருங்கள். கடைசியில் அந்த எண்ணெய் பிரான்ஸின் தெற்குக் கடற்கரையில் போய் ஒதுங்கியது.

மற்றொன்று மெக்சிகோ வளைகுடாவில், மிசிசிப்பி ஆற்று முகத்துவாரத்துக்கு அப்பால். 2004இல் ஐவன் புயலில் டெய்லர் எனர்ஜி நிறுவனத்தின் எண்ணெய் மேடை கவிழ்ந்தது. அடியில் இருந்த கிணறுகளிலிருந்து ஆண்டுக்கணக்கில் எண்ணெய் கசிந்துகொண்டே இருந்தது. வடக்கே 28.94 பாகை, மேற்கே 88.97 பாகை. 2019இல் எண்ணெயைப் பிடிக்கும் அமைப்பை அடியில் பொருத்திவிட்டார்கள். அதனால் 2015 முதல் 2018 வரையான படங்களைப் போட்டுப் பாருங்கள். இதன் அருமை என்னவென்றால், மூல இடம் ஒன்றே, காற்றும் நீரோட்டமும்தான் நாளுக்கு நாள் மாறும். ஒரே எண்ணெய் ஒரு நாள் நேர்க்கோடாக, ஒரு நாள் கொக்கியாக, ஒரு நாள் எதுவுமே இல்லாததுபோல் தெரியும். "எதுவுமே இல்லை" என்ற அந்தப் படங்களில் நின்று நிதானிக்க வேண்டும். எண்ணெய் அங்கேதான் இருந்தது. காற்றுதான் சரியில்லை.

காற்று எப்படி?

நான் தூத்துக்குடிப் பக்கம். சித்தப்பா வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர். சில நேரம் போன் பண்ணுவார்: "எம்மா, தண்ணி மேல எண்ணெ கணக்கா கெடக்கு. ஒன் படத்துல தெரியுதான்னு பாரு." நான் கேட்கும் முதல் கேள்வி, "காத்து எப்படி இருக்கு சித்தப்பா?" என்பதுதான். "கொண்டலா கச்சானா, பாய் விரிக்கிற அளவுக்கு இருக்கா" என்றெல்லாம் நாங்கள் பேசி முடிக்கும்போதே, படத்தைத் திறப்பதில் பயன் உண்டா இல்லையா என்று எனக்குத் தெரிந்துவிடும்.

கணக்கு இதுதான். காற்று நொடிக்கு 2 அல்லது 3 மீட்டருக்குக் கீழே இருந்தால் சிற்றலையே எழும்பாது. கடல் முழுக்கக் கருப்பு, அதில் எண்ணெயைத் தனியாகப் பிரிக்க முடியாது. 10, 12 மீட்டரைத் தாண்டினால் அலை எண்ணெயைக் கலக்கி அடித்துவிடும், கருப்பே தெரியாது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் மன்னார் வளைகுடாவில் மெல்லிய எண்ணெய்ப் படலம் எம்மாத்திரம்? அங்கிருந்து பாக் நீரிணைப் பக்கம் போய் இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட நாட்களில் படம் எடுத்தால் பெரிய பெரிய கருப்பு வெளிகள் தெரியும். அது எண்ணெய் அல்ல, காற்று செத்த கடல்.

காற்றுத் தரவுக்கு விண்டி மாதிரித் தளங்கள் ஆரம்பத்துக்குப் போதும். அறிக்கை எழுதுவதென்றால் ஈ.ஆர்.ஏ.5 என்ற வானிலை மறுகணிப்புத் தரவை அதே மணி நேரத்துக்கு எடுங்கள். நான் படத்தைத் தரவிறக்குவதற்கு முன்பே இதைப் பார்த்து, காற்று 3க்கும் 10க்கும் இடையில் இல்லாவிட்டால் ஒரு குறிப்பு மட்டும் எழுதி வைத்துவிட்டு அடுத்த படத்துக்குக் காத்திருப்பேன். பொறுமை இல்லாதவர்களுக்கு இந்தத் தொழில் ஒத்துவராது.

ஸ்நாப்பில் செய்ய வேண்டியது

ஐரோப்பிய விண்வெளி அமைப்பின் ஸ்நாப் மென்பொருள் இலவசம். ஒரு கோப்பு ஒரு ஜிபி அளவில் இருக்கும் என்பதால் முதலில் தேவையான பகுதியை மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள். பிறகு இந்த வரிசை: சுற்றுப்பாதைக் கோப்பைப் பொருத்துதல், வெப்ப இரைச்சலை (கருவியின் சொந்த இரைச்சலை) நீக்குதல், சிக்மா நாட் மதிப்புக்கு (கடல் எவ்வளவு ஆற்றலைத் திருப்பி அனுப்புகிறது என்ற அளவுக்கு) அளவுதிருத்தம், புள்ளி இரைச்சலுக்கு லீ வடிகட்டி, நிலப் பகுதியை மறைத்தல். வெப்ப இரைச்சல் நீக்கத்தைச் சிலர் தாண்டிவிடுகிறார்கள். நாம் தேடுவதே படத்தின் மிக இருண்ட பகுதி; அங்கேதான் இரைச்சல் அதிகம் பாதிக்கும். தாண்டாதீர்கள். வடிகட்டியைப் பெரிதாக வைக்கவும் வேண்டாம். கடல் அழகாக வழவழவென்று ஆகிவிடும், கூடவே மெல்லிய கசிவுக் கோடும் காணாமல் போய்விடும்.

கடைசியில் புவிநிலைத் திருத்தம். இங்கேதான் புதிதாக வருகிற எல்லோரும் "அக்கா, கடலே காணோம்" என்று ஓடி வருவார்கள். டெரெய்ன் கரெக்‌ஷன் பெட்டியில் "மாஸ்க் அவுட் ஏரியாஸ் வித்தவுட் எலிவேஷன்" என்று ஒரு கட்டம் முன்கூட்டியே டிக் செய்யப்பட்டிருக்கும். உயரத் தரவு இல்லாத இடத்தையெல்லாம் மறைத்துவிடு என்று அர்த்தம். கடலுக்கு ஏது உயரம்? மொத்தக் கடலையும் அது துடைத்துவிடும். அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

ரேடார் மெனுவில், கடல் பயன்பாடுகளுக்குள் "ஆயில் ஸ்பில் டிடெக்‌ஷன்" என்றே ஒரு கருவி இருக்கிறது. ஒவ்வொரு புள்ளியையும் அதைச் சுற்றியுள்ள சதுரப் பரப்பின் (இதைச் சன்னல் என்பார்கள்) சராசரியோடு ஒப்பிட்டு, குறிப்பிட்ட டெசிபலுக்கு மேல் இருண்டிருந்தால் குறித்துவிடும். இயல்பாக 2 டெசிபல் இருக்கும். குறித்த புள்ளிகளைச் சேர்த்து, 0.1 சதுர கி.மீ.க்குக் குறைந்த துண்டுகளை நீக்கிவிடும். சன்னல் கசிவைவிட நன்றாகப் பெரிதாக இருக்க வேண்டும். சிறிதாக இருந்தால், அகலமான கசிவின் நடுப்பகுதிக்குச் சுற்றிலும் எண்ணெயே இருக்கும். ஒப்பிட வெளிச்சமான கடல் கிடைக்காது. ஓரம் மட்டும் குறிக்கப்பட்டு நடுவில் ஓட்டை விழும்.

இந்தக் கருவி தருவதை நான் வரைவாக மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். பிறகு க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் போட்டு எல்லையைக் கையால் வரைவேன். இதில் கணினியைவிட மனிதக் கண்ணை நம்புகிறேன், குறைந்தபட்சம் இப்போதைக்கு.

எண்ணெய் வேஷம் போடுபவை

சரி, காற்று 6 மீட்டர், நடுக்கடல், சுற்றிலும் சாம்பல், நடுவே கருப்பு. எண்ணெய்தானா?

மழை பெய்யும் இடம் ரேடாரில் ஏமாற்றும். கருப்பு வட்டம், அதைச் சுற்றி ஒரு பக்கம் பளிச்சென்ற விளிம்பு. மழையோடு இறங்கும் காற்று வெளிப்பக்கம் பரவுவதால் அந்த வெளிச்சம். அந்தமான் கடலில் நீருக்கடியில் ஓடும் அக அலைகள் வெள்ளையும் கருப்பும் மாறி மாறி, வரிசையாகத் தெரியும். எண்ணெய் அப்படி ஒழுங்காக அடுக்கிக் கிடக்காது. மலையோ தீவோ காற்றை மறைத்தால் அதன் பின்னால் நிழல்போல் கருப்பு நீளும். வரைபடத்தில் காற்றுத் திசையை வரைந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

உண்மையில் சிரமம் தருவது உயிர்ப் படலம்தான். பாசி, மிதவை உயிரிகள் வெளியிடும் கொழுப்புப் பொருளும் நீரின் மேல் படலமாகி சிற்றலையை அமுக்கும். மன்னார் வளைகுடாவில் பூங்கோரை என்ற நுண்பாசி பூக்கும் நாட்களில் இதை மறக்கவே கூடாது. பெரும்பாலும் இந்தப் படலங்கள் மெல்லிய இழை இழையாக, நீர்ச்சுழலைப் பின்பற்றிச் சுருண்டிருக்கும். காற்று கொஞ்சம் கூடினால் கலைந்துவிடும். கனமான எண்ணெய் அவ்வளவு சீக்கிரம் கலையாது. ஆனாலும் ஒற்றைப் படத்தை வைத்து இரண்டையும் பிரிப்பது சில நேரம் முடியவே முடியாது. அப்போது "உறுதியில்லை" என்று எழுதுவதில் எந்த வெட்கமும் இல்லை. ஐரோப்பியக் கடல் பாதுகாப்பு முகமையின் கிளீன்சீநெட் சேவை 2007 முதல் இந்த வேலையைச் செய்கிறது. அவர்களும் "இருக்கலாம்" என்றுதான் எச்சரிக்கை அனுப்புவார்கள். போய்ப் பார்ப்பது அந்தந்த நாட்டுக் கப்பலும் விமானமும்தான்.

கப்பல் ஓடிக்கொண்டே கழிவு எண்ணெயைக் கொட்டினால் தடயம் வேறு மாதிரி. ஒல்லியான நீண்ட கோடு, ஒரு முனையில் வெள்ளைப் புள்ளி. கப்பலுக்கு அருகே மெலிந்தும், பின்னால் போகப் போக அகன்றும் இருக்கும். பழைய பகுதியை நீரோட்டம் வளைத்திருக்கும். கப்பலின் சாதாரணச் சுவடும் கருப்புக் கோடாக விழும், ஆனால் அது பின்னால் போகப் போக மங்கி மறையும். இங்கே ஒரு நுணுக்கம்: ஓடும் கப்பலின் புள்ளி ரேடார் படத்தில் சரியான இடத்தில் விழாது. கப்பல் ரேடாரை நோக்கியோ விலகியோ நகரும் வேகத்தால், புள்ளி சில நூறு மீட்டர் தள்ளி விழும். கோட்டின் முனைக்கும் கப்பலுக்கும் இடையே அரை கி.மீ. இருந்தால் "இந்தக் கப்பல் இல்லை" என்று விட்டுவிடாதீர்கள். அந்த நேரத்து ஏ.ஐ.எஸ். (கப்பல் தன் இடத்தைத் தானாக அறிவிக்கும் ரேடியோ அமைப்பு) தடத்தோடு ஒப்பிடுங்கள். ஏ.ஐ.எஸ். இல்லாத கப்பலாக இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு எண்ணெய்? இந்தக் கேள்வியில் வழுக்காதீர்கள்

கசிவு வரைந்தாயிற்று, 20 சதுர கி.மீ. என்று வந்தாயிற்று. உடனே நிருபர் கேட்பார், எத்தனை டன்?

விமானத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு, வட கடல் நாடுகள் செய்துகொண்ட பான் உடன்பாட்டின் நிற அட்டவணை உண்டு. வெள்ளி மினுமினுப்பு என்றால் படலத்தின் தடிமன் 0.04 முதல் 0.3 மைக்ரோமீட்டர். வானவில் நிறம் என்றால் 5 மைக்ரோமீட்டர் வரை. உலோகப் பளபளப்பு 5 முதல் 50. எண்ணெயின் சொந்த நிறமே தெரிந்தால் அதற்கும் மேல். இப்போது நம் 20 சதுர கி.மீ.யைப் போடுங்கள். முழுக்க மினுமினுப்பு என்றால் 800 முதல் 6,000 லிட்டர். அதே பரப்பு உலோகப் பளபளப்பு என்றால் ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் லிட்டர். ரேடாரில் இரண்டும் கருப்புதான். பரப்பைச் சொல்லுங்கள், நீளத்தைச் சொல்லுங்கள், டன் கணக்கை ரேடார் படத்தை மட்டும் வைத்துச் சொல்லாதீர்கள். யாராவது சொன்னால் தடிமன் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

தடிமனைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிய வேண்டுமானால் சென்டினல்-2 போன்ற ஒளிப்படம் உதவும், வானம் தெளிவாக இருந்தால். 2020 ஜூலை 25 அன்று வகாஷியோ கப்பல் மொரிஷியஸின் பவளப்பாறையில் தட்டி நின்றது. ஆகஸ்டில் கசியத் தொடங்கி சுமார் 1,000 டன் எரிபொருள் வெளியேறியது. நீலக் கடற்கழியில் அந்தக் கரிய எண்ணெய் ஒளிப்படத்திலேயே தெரிந்தது. மெல்லிய படலம் அப்படித் தெரியாது. சூரிய ஒளி பட்டுத் தெறிக்கும் கோணத்தில் மட்டும் மினுங்கும்.

எங்கே போகும்

பழைய விதி ஒன்று இன்றும் செல்லும். எண்ணெய் நீரோட்டத்தோடு முழுதாகவும், காற்றின் வேகத்தில் சுமார் 3 விழுக்காட்டோடும் நகரும். காற்று 6 மீட்டர் என்றால் நொடிக்கு 0.18 மீட்டர்; பன்னிரண்டு மணி நேரத்தில் கிட்டத்தட்ட 8 கி.மீ. இதோடு நீரோட்டத்தைக் கூட்டினால், அடுத்த படத்தில் எங்கே தேடுவது என்று தெரிந்துவிடும். அங்கே கருப்பு இருந்தால் உங்கள் சந்தேகம் வலுக்கிறது. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற இந்தியக் கடல் தகவல் சேவை நிறுவனம் கசிவின் நகர்வைக் கணிக்கும் இணையச் சேவையே வைத்திருக்கிறது.

2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டதை நினைவிருக்கும். பக்கெட்டில் கசடு அள்ளிய படங்கள் நாடு முழுக்கப் போயின. எண்ணெய் தெற்கேதான் இறங்கியது. பயிற்சிக்கு ஜனவரி 28க்குப் பிந்தைய இரண்டு வாரப் படங்களைத் தேடி, கரையோரக் காற்று நிழலையும் கசிவையும் பிரிக்க முயன்று பாருங்கள். கோர்சிகா எவ்வளவு சுலபம் என்று அப்போது தெரியும்.

அதே எண்ணூரில், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்துக்குள் வந்தது. அங்கே இந்த முறை கைகொடுக்காது. குறுகிய, அடங்கிய ஓடை நீர் எப்போதுமே ரேடாரில் கருப்பு. அலையாத்தி மரங்களின் வேரில் ஒட்டிய எண்ணெய் 10 மீட்டர் புள்ளியில் எப்படித் தெரியும்? டிரோன்தான் வேண்டும், இல்லையென்றால் படகில் போக வேண்டும். 2021இல் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலிலிருந்து கொட்டிய பிளாஸ்டிக் குருணையும் இப்படித்தான், ரேடாருக்கு அகப்படாது.

யாரிடம் சொல்வது

நம் கடலில் எண்ணெய்க் கசிவுக்குப் பொறுப்பான அமைப்பு இந்தியக் கடலோரக் காவல்படை. இலவச எண் 1554. இலங்கையில் கடல்சார் சுற்றாடல் பாதுகாப்பு அதிகாரசபை. சமூக ஊடகத்தில் போடுவதற்கு முன் இவர்களுக்குச் சொல்லுங்கள்.

ஒரு பக்கம் போதும். படத்தின் முழுப் பெயர், நம் நேரத்தில் எடுத்த மணி, கசிவின் நடுப்புள்ளியும் இரு முனைகளும் அகலாங்கு நெட்டாங்கில், நீளம், பரப்பு, அந்த மணியின் காற்று வேகமும் திசையும், அருகில் தெரிந்த கப்பல்கள், வேறு என்னவாக இருக்கலாம் என்ற உங்கள் சந்தேகம், உங்கள் நம்பிக்கை அதிகமா நடுத்தரமா குறைவா. வரைந்த எல்லையைக் கேஎம்எல் என்ற வரைபடக் கோப்பாக இணையுங்கள். கப்பலில் இருப்பவரால் உடனே திறக்க முடியும். அடுத்த செயற்கைக்கோள் எப்போது அந்த இடத்துக்கு மேல் வரும் என்பதையும் எழுதிவிடுங்கள். படித்து முடித்ததும் அவர்கள் கேட்கப்போவது அதைத்தான்.